வன், வாசர், வாட்டர்

நோர்வேயிலிருந்து தம்பி குடும்பம் முதல் தடவையாக லண்டனுக்கு வந்து நாலு நாளாகிவிட்டது. அவனுடைய நாலு வயது மகள் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. "மாமியிட்ட வாங்கோ" என்று கையை நீட்டினால் தாய்க்குப் பின்னால் ஒளிந்துவிடுவாள். அடுத்த நாள் அவர்களுக்குப் பிளேன். ஒருக்கால் என்ரை மடியில் வந்து இருக்கச் செய் தாயே என்று, வெட்கமில்லாமல் அம்மனிடம் கேட்டுக்கொண்டுதான் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேருக்குப் போனேன்.

தம்பியும் பெண்சாதியும் அர்ச்சனைத் தட்டோடு சனத்துக்குள் போக, பிள்ளை என் கையில். நல்ல வெயில். திடீரென்று சேலையை இழுத்து, "வான்... வான்..." என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தமிழ் கதைக்கிறாளே! நாங்கள் வந்த வான் இரண்டு தெரு தள்ளி நின்றது. தண்ணீர்ப் பந்தலையும் கடந்து தூக்கிக்கொண்டு ஓடினேன். வானைக் கண்டதும் வீரிட்டு அழுகிறாள். கதவைத் திறந்தேன், அழுகை இன்னும் கூடியது.

உள்ளே இருந்த என்ரை மனுசன் சிரித்தார். "பிள்ளை கேட்டது மேலை இருக்கிற வானாக்கும். ஆகாயத்தைக் காட்டிப் பாருமன்."

அதற்குள், தேருக்கு வந்திருந்த ஜெர்மனித் தங்கச்சியின் மகள் ஓடிவந்தாள். யூனிவர்சிட்டியில் மொழிகளைப் பற்றிப் படிக்கிறவள். "ஐயோ பெரியம்மா, அவ தண்ணி கேக்கிறா! நோர்வேயில தண்ணிக்கு வன்."

பந்தலுக்குத் திரும்பி ஓடும்போதே மூச்சு வாங்கச் சொன்னாள்: "ஜெர்மனியில எங்கட வாசர், உங்கட வாட்டர், இவவின்ர வன் எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளையள். தாய்ச்சொல் 'வத்தோர்' மாதிரி இருந்திருக்குமாம். எழுத்தில இல்லை. பிள்ளையளின்ர முகத்தை வைச்சுத் தாயைக் கண்டுபிடிச்சிருக்கினம். ஐயர் மந்திரத்தில தண்ணிக்குச் சொல்லுற உதகமும் தூரத்துச் சொந்தம்."

கும்பத்துத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சொந்தமா! நடந்தபடியே கும்பிட்டுக்கொண்டேன்.

"அப்ப எங்கட தண்ணி?" என்றார் பின்னால் வந்த இவர்.

"அது வேற குடும்பம், பெரியப்பா."

"பரவாயில்லை, சம்பந்தம் பேசுவம்."

பந்தலில் ஒரு கோப்பை வாங்கி, மதில் கட்டின் மேல் இருந்துகொண்டு பிள்ளையிடம் நீட்டினேன். "வன்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஏதோ தன் கதிரையில் ஏறுகிறவள் மாதிரி மடியில் ஏறியிருந்து, மடமடவென்று குடித்தாள். பாதி என் சேலையில்.

"மேர்" என்றாள். நான் யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை. வெறுங்கோப்பையை என் மூக்குக்கு நேரே பிடித்திருந்தாள்.