மூச்சு விட்ட சுவர்

பள்ளிக்கூடத்தில் அவளை வாளியக்கா என்றால்தான் தெரியும். பத்தொன்பது வருஷமாக மூன்று மாடியையும் கூட்டித் துடைக்கிறவள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. ஒன்பது மொழி பேசுகிற பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. வீட்டில் என்ன பேசினாலும், தண்ணீரைக் கொட்டிவிட்டால் எல்லாரும் "வாளியக்கா!" என்றுதான் கத்துவார்கள்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஆறு மாடிக் குடியிருப்பில் நான்காவது மாடியில் அவள் வீடு. ஒரு கூடம், ஓர் உள்ளறை. வீட்டுக்காரர் வெல்டர். ஆறு வருஷத்துக்கு முன்னால், மூச்சிழுப்பு முற்றி, அந்த உள்ளறையில்தான் போய்ச் சேர்ந்தார்.

அவர் போய் இரண்டு வாரம் இருக்கும். மத்தியானம் வேலை முடிந்து வந்து படுத்தவளுக்கு, தலைமாட்டுச் சுவருக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. நீளமாக ஒரு இழுப்பு. கொஞ்சம் நிறுத்தம். பிறகு மெதுவாக விடுகிற மூச்சு. அவர் கடைசி மாசங்களில் விட்ட அதே மூச்சு. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து கூடத்துக்கு ஓடிவந்தாள்.

வெளியே சொன்னால் மூளை குழம்பிவிட்டது என்பார்களே என்று வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டுத் தையல்காரிதான் வாசலில் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் இன்னும் உள்ளதான் இருக்காரா?"

கேலிக்குக் கேட்ட முகமாக இல்லை அது.

நாளாக ஆகப் பயம் பழகிப்போனது. வேலையிலிருந்து வந்ததும், "வந்துட்டேன். இன்னிக்கு மூணாவது மாடியில ஒரே சேறு" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிற அளவுக்குப் பழகிவிட்டது. சுவரில் ஈரம் பூத்து ஆள் உயரத்துக்கு ஒரு கறை இருந்தது. தோள் மாதிரி ஒன்று, அதன்மேல் தலை மாதிரி ஒன்று.

வருஷத்துக்கு ஒருமுறை சேவை நாள் வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வர்ண டப்பாவும் கையுறையுமாகக் குடியிருப்புக்கு வந்து, ஈரம் பூத்த சுவருக்கெல்லாம் வெள்ளை அடிப்பார்கள். வாளியக்கா அரைநாள் லீவு போட்டு, சீருடையைக் கழற்றிவிட்டு, வீட்டுப் புடவையில் கதவைத் திறப்பாள். ஒரு பிள்ளைக்கும் அவளை அடையாளம் தெரியாது. காலையில் "வாளியக்கா" என்ற அதே வாய், மத்தியானம், "ஆன்ட்டி, உங்களுக்கு உதவி செய்ய வந்திருக்கோம்" என்னும். அவள் முகத்தைத் தாண்டி எங்கேயோ பார்த்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் அவளுக்கு உடம்பு சில்லிடும். செத்தது அவரா, நானா என்று நினைப்பு வரும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இரண்டு மாசத்தில் முதலில் தோள் வரும், அப்புறம் தலை.

அந்த வருஷம் வந்த பிள்ளைகளில், வேறு நாட்டிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். அவளுக்கும் இழுப்பு உண்டு. சட்டைப் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். உள்ளறைக்குள் வந்தவள் தூரிகையை எடுக்காமல் அப்படியே நின்றாள். பிறகு சுவரில் காதை வைத்தாள்.

"உள்ள யாரோ மூச்சு விடுறாங்க" என்றாள், கற்றுக்கொண்ட தமிழில், ஒவ்வொரு வார்த்தையாக. "எனக்கு வர்ற மாதிரி. ரொம்பக் கஷ்டமா."

பிள்ளைகளின் சிரிப்பு பாதியில் நின்றது. கூட வந்த சமூக அறிவியல் வாத்தியார், "காத்து சத்தம்மா. சீக்கிரம் அடி, பஸ் வந்துடும்" என்றார்.

அவள் திரும்பி வாளியக்காவைப் பார்த்தாள். நேராக, முகத்தை. "நீங்க எங்க ஸ்கூல் அக்காதானே? ஏன் ஒவ்வொரு வருஷமும் அடிக்கணும்?"

வாளியக்காவுக்குள் எதுவோ அறுந்தது. "அதை உங்க சார்கிட்ட கேளு கண்ணு. முழுப் பூசணிக்காயை வருஷா வருஷம் வெள்ளையடிச்சு மறைக்கிறாங்க. வந்தீங்க, அடிச்சீங்க, படம் எடுத்தீங்க, போனீங்க. கறை ஏன் திரும்பி வருதுன்னு இத்தனை வருஷத்துல ஒருத்தர் கேட்டீங்களா? என் புருஷனை இந்த ரூம்லதான் வாரிக் குடுத்தேன்."

வாத்தியார் கிட்டே போய் அந்தக் கறையைப் பார்த்தார். நல்ல மனுஷன்தான், சேவை நாளைத் தொடங்கியவரே அவர்தான். அன்றைக்கு வர்ண டப்பாக்களை மூடச் சொல்லிவிட்டார்.

அடுத்த புதன்கிழமை பிள்ளைகளும் அவரும் வெறுங்கையோடு வந்தார்கள். அதன்பின் ஒவ்வொரு புதனும். வீடு வீடாகப் போய்ச் சுவரில் காது வைத்தார்கள். ஒன்றாவது மாடி முதல் ஆறாவது மாடி வரை, அதே சுவரில், எல்லா வீட்டிலும் மூச்சு கேட்டது. தையல்காரியைத் தவிர யாரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இரண்டாம் மாடிக்காரி அது தன் மாமியார் என்று நினைத்திருந்தாள். ஐந்தாம் மாடிப் பெரியவர் தன் மகன் என்று.

இன்ஹேலர் பெண் குடியிருப்பைத் தாளில் வரைந்தாள். இருமுகிறவர்கள் உள்ள அறைக்கு ஊதாப் புள்ளி, மூச்சுத் திணறிச் செத்தவர் இருந்த அறைக்குக் கறுப்புப் புள்ளி. எல்லாம் அந்த ஒரு சுவரை ஒட்டி, மேலிருந்து கீழாக நேர்கோட்டில் விழுந்தன. கறுப்பு ஐந்து. நான்காம் மாடிப் புள்ளியை வாளியக்கா தானே பேனாவை வாங்கி வைத்தாள். அழுத்தி வைத்ததில் புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

அந்தத் தாளோடு குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனார்கள். குமாஸ்தா ஒரு கோப்பைத் திறந்தார். "அந்தச் சுவரா? வருஷா வருஷம் சரி பண்ணியிருக்கே. இதோ பாருங்க."

ஆறு படங்கள். ஒவ்வொன்றிலும் அவள், வெள்ளைச் சுவருக்கு முன்னால். முதல் இரண்டில் பக்கத்தில் அவர். அப்புறம் அவர் நின்ற இடம் காலி. ஆனால் அவள் மட்டும் அதே போல ஒதுங்கி, அவருக்கு இடம் விட்டு நின்றிருந்தாள். ஒவ்வொரு படத்தின் அடியிலும் முத்திரை: பராமரிப்பு முடிந்தது.

"இதெல்லாம் யார் குடுத்தா?" என்றாள்.

வாத்தியார் ஒரு படத்தைக் கையில் எடுத்தார். "நான்தான் அனுப்பினேன். பிள்ளைங்க செஞ்சதை அவங்களும் பார்க்கட்டும்னு."

வெளியே வந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். "அழுறதுக்கு நேரம் இருக்கு சார். முதல்ல அங்க எழுதிக் குடுங்க" என்றாள்.

எழுதினார். படங்களில் இருப்பது பிள்ளைகள் அடித்த வெள்ளை, பழுது பார்த்ததல்ல என்று. தலைமையாசிரியை, "இது நமக்கு நாமே வெச்சுக்கிற சூனியம்" என்று கையெழுத்துப் போட மறுத்தார். வாத்தியார் தன் பெயரிலேயே அனுப்பினார். அடுத்த சேவை நாளுக்கு வேறொரு வகுப்பை வர்ணத்தோடு அனுப்பிப் பார்த்தார் அம்மையார். அந்த வரிசையில் ஆறு மாடியிலும் ஒரு கதவும் திறக்கவில்லை. உள்ளே ஆள் இருந்தார்கள். இருமல் கேட்டது. பிள்ளைகள் படிக்கட்டில் நின்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகும் ஏழு மாசம் அலுவலகத்துக்கு நடந்தார்கள். ஒருநாள் காலையில் கூலியாட்கள் வந்து உள்ளறைச் சுவரை உடைத்தார்கள். பின்னால், குழாய்கள் போகிற ஒடுக்கமான சந்து. மேலேயும் கீழேயும் யாரோ எப்போதோ செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். கழிவுநீர்க் குழாய் நெடுக வெடித்து, மாடியில் யார் தண்ணீர் ஊற்றினாலும் அந்த அடைபட்ட காற்று ஏறி இறங்கியிருக்கிறது. முதல் செங்கல் விழுந்ததும் அழுகல் வாடையோடு உள்ளிருந்து நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. மேஸ்திரி கடப்பாரையைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார். அது முகத்தில் பட்டதும் வாளியக்காவின் கூந்தல் கலைந்தது. உள்ளே கறுத்த பூஞ்சை கம்பளி போலத் தொங்கியது. அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

புதுக் குழாய் வந்தது, சுவர் எழும்பியது. அன்று மத்தியானம் படுத்தாள். நிசப்தம். அவர் போனதிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. தையல்காரி ஓடிவந்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கட்டடத்தின் மறுபக்க வரிசைக்கு இன்னும் வேலை தொடங்கவில்லை. போன வாரம், மறுபக்கத்து ஆட்களையும் இந்த வருஷத்து எட்டாம் வகுப்பையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். வாத்தியார் பின்வரிசையில் நின்றார்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்றார் குமாஸ்தா.

"பாருங்க சார். ஆனா தேதியை இன்னிக்கே எழுதிக் குடுங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். "நான் இன்னிக்கு முழுநாள் லீவு."