அண்ணன் பரிந்துரைத்த டூல்

ஆயுத பூஜைக்கு ஆபீசில் எல்லோருடைய கீபோர்டுக்கும் மவுசுக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். அண்ணனின் மேஜையில் மட்டும் மவுசைக் காணோம். பார்த்தால் டிராயருக்குள் ஒயரைச் சுற்றிப் போட்டு வைத்திருக்கிறார். "அதுக்கெதுக்கு தாயி பொட்டு? நான் அதைத் தொடுறதே இல்லையே. கீபோர்டுக்கு ரெண்டாப் பெருசா வையி" என்றார். எழுத்தெல்லாம் அழிந்து மொழுமொழுவென்று ஆகிவிட்ட கீபோர்டு அது. எந்தப் பொத்தானில் என்ன எழுத்து இருந்தது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். பொட்டு வைத்து முடித்ததும் ஈரம் காயக்கூட விடாமல் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. மதுரையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில், கல்யாண மண்டபங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சேலைக் கடைகளுக்கும் வலைத்தளம் செய்து கொடுக்கிற சின்ன ஆபீஸ் எங்களுடையது. அங்கே வேலை பார்க்கிறவர்களில் மூத்தவர் அவர். ஒரு தளத்தில் எழுத்து என்ன நிறம், பட்டன் எங்கே நிற்க வேண்டும், செல்போனில் திறந்தால் பக்கம் எப்படிச் சுருங்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்லி வைக்கிற கோப்புக்கு ஸ்டைல்ஷீட் என்று பெயர். அதை அவர் கறுப்புத் திரை எடிட்டர் ஒன்றில் வரி வரியாகக் கையால் எழுதுவார். நடுநடுவே, 'மண்டபக்காரர் கேட்ட மெரூன், யாரும் மாத்தாதீங்க' என்று தமிழில் குறிப்பும் போட்டு வைப்பார்.

நானோ பிளெக்ஸ் போர்டு டிசைன் பண்ணிக்கொண்டிருந்து அங்கே போனவள். எனக்கு எல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பக்கத்தை அப்படியே திரையில் காட்டி, பெட்டியைப் பிடித்து இழுத்தால் ஸ்டைல்ஷீட்டைத் தானே எழுதிக்கொள்கிற ஒரு டூலை வைத்துத்தான் நான் பிழைப்பை ஓட்டினேன். கையால் நாலு வரி எழுதச் சொன்னால் எனக்கு வியர்த்துவிடும். இதிலே தொல்லை என்னவென்றால், நான் சேமித்த கோப்பை அண்ணன் திறந்தால் எல்லாம் இடம் மாறிக் கிடக்கும். அவர் குறிப்புகள் ஒன்றும் இருக்காது. அவர் திருத்தியதை நான் திறந்தால் என் டூல் முழிக்கும். ஒருநாள் இப்படி இரண்டு பேரும் மாறி மாறிக் கை வைத்ததில், ஒரு மண்டபத்தின் முன்பதிவு பட்டன் முதலாளியின் அப்பா படத்து மூக்கின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. மண்டபக்காரர் போனில் கத்திய கத்தல் கீழே ஜவுளிக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

எங்கள் ஓனர் சார் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். "இனிமே ஆபீஸ் முழுக்க ஒரே டூல்தான். எதுன்னு நீயே ஒரு வாரம் வச்சுப் பாத்துச் சொல்லிரு தம்பி" என்று பொறுப்பை அண்ணனிடம் கொடுத்தார். அவர் எதைச் சொல்வார் என்பதில் யாருக்காவது சந்தேகம் இருந்திருக்குமா? கையால்தான் எழுத வேண்டும் என்றால் எனக்கு அங்கே என்ன வேலை? வேலை போனால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் என்று வீட்டில் காத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வேலைக்குப் போவதே ஆகாது. மாடிப்படியில் நின்று அம்மாவிடம் போனில், "எனக்கு இங்க இனிமே வேலை இருக்காது போலம்மா, அவங்ககிட்ட மட்டும் இப்ப ஒண்ணும் சொல்லிறாத" என்று அழுதேன். திரும்பினால் இரண்டு கைகளிலும் டீ கிளாசோடு அண்ணன் நிற்கிறார். கேட்டாரா கேட்கவில்லையா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. "டீ ஆறுது, குடி" என்று ஒரு கிளாசை நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் டிராயரில் கிடந்த மவுசை எடுத்து வைத்துக்கொண்டு என் டூலோடு மல்லுக்கட்டினார். வாரக் கடைசியில் எல்லோரையும் உட்கார வைத்து, "கையால எழுதுற காலமெல்லாம் போச்சு சார். இதுதான் லேசு, புதுசா வர்றவங்களும் சட்டுனு பிடிச்சுக்குவாங்க" என்று என் டூலையே சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பார்த்தியா, இம்புட்டு நாளும் நாம் செய்தது சரிதான், அண்ணனே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது எண்ணினாலும் கூசுகிறது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது. கீபோர்டில் காற்றாகப் பறந்தவர், திரை ஓரத்துப் பெட்டிகளில் நிறம் எங்கே, இடைவெளி எங்கே என்று துழாவிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தை நான் முடித்துவிட்டு வடை தின்றுகொண்டிருப்பேன், அவர் பாதியில் நிற்பார். எனக்கு வாய் வேறு கொஞ்சம் நீளம். "என்னண்ணே, கண்ணாடி போடணுமா? பட்டன் உங்க மூக்குக்கு நேராத்தான் இருக்கு" என்று எல்லோர் முன்னாலும் கேட்பேன். பையன்கள் சிரிப்பார்கள். "மாப்ள, அண்ணன் எடுத்த டூலு அண்ணனையே கவுத்திருச்சுடா" என்று ஒருவன் சொல்ல, அதற்கும் சேர்ந்து சிரித்தேன். அவரும்தான் சிரித்தார். பாவி, நிறுத்தச் சொல்லியிருக்கலாமே.

மெல்ல மெல்லப் பெரிய வேலைகளெல்லாம் என் மேஜைக்கு வந்தன. டிசைன் பகுதிக்கு என்னைப் பொறுப்பாக்கிவிட்டு, கஸ்டமர் போனை எடுக்கிற வேலையை சார் அண்ணனிடம் கொடுத்தார். நான் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். அவரும் ஒரு மைசூர்பாகை எடுத்துக்கொண்டு, "நல்லா வருவ தாயி" என்றார். கொஞ்ச நாளில், செல்லூரில் மச்சான் நடத்துகிற தறி சாமான் கடைக்கு ஆள் வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். போய்ப் பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

வேறு ஆபீசுக்கு மாறிய பிறகு நானும் முக்கித் தக்கிக் கையால் எழுதக் கற்றுக்கொண்டேன். இப்போது எனக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள். போன மாதம் அவர்களுக்கு ஒரே டூலாகத் தேர்ந்தெடுக்கிற வேலை எனக்கு வந்தது. நாலைந்தை இறக்கி வைத்துப் பார்த்தேன். பழைய பாசத்தில் அந்த இழுத்து வைக்கிற டூலையும் இறக்கினேன். ஒரு பட்டனை லேசாக நகர்த்தினேன். ஒரே வரியில் முடிய வேண்டியதற்கு ஒரு பத்தி எழுதியது. திரும்ப நகர்த்தினால், முன்பு எழுதியதை அழிக்காமல் இன்னொரு பத்தி. குறிப்புகளைக் கேட்காமலே தூக்கிப் போட்டது. இது உருப்படாத டூல் என்று தெரிந்துகொள்ள, கையால் எழுதத் தெரிந்த ஒருவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். அண்ணன் இதன் முன்னால் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார். அய்யோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே செல்லூருக்குப் போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவே கடை. அண்ணனுக்கு முன்தலை நரைத்திருந்தது. "வா தாயி, வா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரக்கூட இல்லை. "அண்ணே, அந்த டூல் மோசம்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்ல?" என்றேன்.

"எந்த டூலு?" என்றார் முதலில். நான் விடவில்லை. "அட, அதுவா? நல்லதுன்னுதான் நெனச்சேன். கணக்குத் தப்பிப்போச்சு. அதைக் கேக்கவா வெயில்ல இம்புட்டுத் தூரம் வந்த?"

"பொய் சொல்லாதீங்கண்ணே. நான் படியில நின்னு அழுததைக் கேட்டுட்டுத்தானே அப்படிச் சொன்னீங்க?"

அவர் ஒரு ஸ்பிரிங்கை எடுத்துத் துணியால் துடைத்தார். அதற்குள் உள்ளேயிருந்து மச்சான் டீயோடு வந்துவிட்டார். யார் இது என்பது போலப் பார்த்தார். அண்ணனுக்கு முகம் மலர்ந்தது.

"நான் சொல்லுவேன்ல, எங்க ஆபீஸ்ல ஒரு பிள்ளை இருந்துச்சுன்னு. இதுதான். நான் சரியா பாக்காம ஒரு மட்டமான டூலை ஆபீஸ் தலையில கட்டிட்டேன் மச்சான். எனக்கே அது ஓடல. இந்தப் பிள்ளை அதுலயே வேலை பாத்துப் பெரிய ஆளாயிருச்சு. திறமைன்னா அது திறமை."

"அப்படியாம்மா?" என்று மச்சான் கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் அங்கே போயிருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாங்க" என்று மச்சானிடம் சொல்லிவிட்டு டீயை வாங்கிக்கொண்டேன்.