கண் திறக்காத அம்மன்கள்

அருப்புக்கோட்டையில் கடை போர்டு எழுதுகிற வெள்ளத்துரைக்கு ஏணியில் நிற்பதுதான் பிழைப்பு. பகல் முழுக்கக் கையைத் தூக்கி எழுதிவிட்டு வீடு திரும்பினால், சோற்றைப் பிசையக்கூடத் தோள் வராது. அந்தத் தோளை வைத்துக்கொண்டுதான் ஏழு வருஷம் அம்மன் படம் வரைந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் அவர் மனைவி ராமலட்சுமிக்குப் பார்வை ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கியது. நரம்பு வாடுகிறது, மருந்து கிடையாது என்று மதுரை டாக்டர் கைவிரித்துவிட்டார். திரும்புகிற பஸ்ஸிலேயே வெள்ளத்துரை நேர்ந்துகொண்டார். அம்மன் கல்யாணக் கதையைக் கையால் எழுதி, இருபத்தேழு படம் போட்டு, நவராத்திரியில் படிக்கத் திருச்சுழிக் கோயிலுக்குக் கொடுப்பது. இவள் கண்ணை அம்மன் பார்த்துக்கொள்வாள்.

ஒரே வருஷத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தார். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே கை அவருடையது. மழை பொய்த்த வருஷங்களில் புது போர்டு எழுத ஆளில்லாமல், ரெட்டியபட்டி வரை சைக்கிள் மிதித்து வேலை தேடினார், ஞாயிறும் போனது. வண்ணம் கரைத்துத் தருவது ராமலட்சுமி. முதலில் பார்த்துக் கரைத்தாள், பிறகு சிரட்டையை மூக்கருகே கொண்டுபோய்க் கரைத்தாள், அப்புறம் பச்சை எது, நீலம் எது என்று கேட்டுக் கரைத்தாள்.

கோயில் சுவரில் படம் எழுதிய அப்பா சொல்லி வைத்த முறை ஒன்று உண்டு. சாமிக்குக் கண் வரைவது கடைசியில்தான். புத்தகம் என்றால் எல்லாப் படமும் முடிந்தபின், விரதமிருந்து ஒரே பகலில் திறக்க வேண்டும். அதனால் அலமாரியில் அதுவரை முடிந்த இருபது அம்மன்கள் கண்ணில்லாமல் காத்துக் கிடந்தார்கள்.

"என்னங்க, ஒரே ஒரு அம்மனுக்கு மட்டும் கண்ணத் தெறந்துருங்களேன். இப்பவே பாத்துக்கிறேன்," என்று அறுபத்தொன்பது தை மாதம் ராமலட்சுமி கேட்டாள். அப்போது நடுவில் கொஞ்சம் தெரிந்தது.

"மொற தப்புனா நேந்துக்கிட்டது பலிக்காது. உனக்காகத்தான சொல்றேன்."

அவள் மறுபடி கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே என்று பின்னால் அவருக்குத் தோன்றும். தன் தப்பில் கொஞ்சத்தை அவள் தலையில் இறக்கி வைக்கிற ஆசைதான், வேறென்ன.

எழுபத்தொன்று ஆனியில் அவளுக்கு வெளிச்சமும் போய்விட்டது. ஆவணியில் கடைசிப் படம் முடிந்தது. பட்டினி கிடந்து, குளித்து, இருபத்தேழுக்கும் கண் திறந்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊர் சொல்வதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சந்தோஷம் துளியும் இல்லை. படுத்தால் போதும் என்றிருந்தது.

ராமலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "தெறந்தாச்சா?"

"ஆச்சு."

"கல்யாணக் கோலத்துல இருக்காளே, அவளக் காட்டுங்க."

ஈரப் படத்தை யாரையும் தொடவிடாத மனிதர், அவள் விரலைப் பிடித்து அம்மன் முகத்தில் வைத்தார். மை காயவில்லை என்று தெரிந்தேதான் வைத்தார். விரல் மெதுவாக இறங்க, இடது கண் கன்னம் வரை இழுபட்டது.

"அழகா இருக்காளா?"

"உன்னத்தான் பாத்துக்கிட்டு இருக்கா," என்றார். அதற்குமேல் அடக்க முடியாமல் அழுதார்.

நவராத்திரிக்கு முதல் நாள் இருவரும் திருச்சுழிக்குப் போனார்கள். புத்தகத்தைப் புரட்டிய பட்டர் அந்தப் பக்கத்தில் நின்றார். "அம்பாள் கண்ணு இழுபட்டிருக்கே. முறையில்லையே இது, சரி பண்ணிக் குடுங்கோ."

"ஏழு வருசம் மொற தப்பாமத்தான் வரஞ்சேன், சாமி," என்றார் வெள்ளத்துரை. "இது ஒண்ண மட்டும் விட்டுருங்க."