கரையில் நின்று கூப்பிட்ட பேர்

இது நடந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். பங்குனி மாதக் கடைசி, வருஷப் பிறப்புக்கு வீடு மெழுகுகிற நேரம். ஒட்டுசுட்டானுக்கு அங்காலே, குளத்துக்குக் கீழே அரசாங்கம் கொடுத்த வயல் காணியில் நாங்கள் குடியிருந்தோம். நான் இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். 'நாங்கள்' என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

முதலில் என்னுடைய மனுசனைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கமம் செய்த எத்தனையோ பேரில் அவரும் ஒருவர். ஆனால் அதற்கு முந்தி, உலக யுத்தம் நடந்த காலத்தில், திருகோணமலையில் கடற்படையில் இருந்தவர். கப்பல் தட்டில் நின்று கொடி காட்டிச் செய்தி அனுப்புகிற வேலை. யுத்தம் முடிந்து கரையேறி, என்னைக் கட்டி, கடல் கண்ணிலும் படாத இந்தக் காட்டுக்குள் கொண்டுவந்து விட்டார். ஆனால் கடல் அவரை விட்டால்தானே! உடுக்கிற சாரத்தைக்கூட ஒரு மடிப்புப் பிசகாமல் மடித்து வைப்பார். பாலை மரத்துக்கும் வேம்புக்கும் நடுவில் சாக்கில் தொங்குபடுக்கை கட்டி அதிலேதான் மத்தியானம் சரிவார். கழுத்தில் ஒரு பித்தளை விசில் தொங்கும். கப்பலில் ஆட்களைக் கூப்பிடுகிற விசிலாம். வயலில் நின்று அதை ஊதினார் என்றால் நான் தேத்தண்ணியோடு ஓடவேண்டும் என்று அர்த்தம். அயலட்டைச் சனம் அவரைக் 'கப்பல்காரர்' என்றுதான் சொல்லும். "என்ன கப்பல்காரர், இந்த மாரிக்குக் குளத்திலே கப்பல் விடுறதோ?" என்று பகிடி விடுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அவரிடம் பகிடி செல்லாது. அது அவருடைய கப்பல் குண்டு பட்டுக் கடலில் மூழ்கின நாள்.

அன்றைக்கு அவர் அந்தக் கப்பலில் இல்லை. காலில் சீழ்க்கட்டு வந்து கரையில் ஆசுப்பத்திரியில் கிடந்தார். அவருடைய இடத்தில் கொடி காட்ட ஏறினவர் அவருடைய உயிர்க் கூட்டாளி. இரண்டு பேருக்கும் ஒரே பேர். கப்பலில் 'பெரியவன்', 'சின்னவன்' என்று சொல்லித்தான் பிரிப்பார்களாம். அந்தச் சின்னவனும் திரும்பி வரவில்லை, இவரோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்ட மற்றவர்களும் வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் பெட்டியிலிருந்து வெள்ளைத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, காட்டுக்கொடியை வளைத்துக் கொன்றைப் பூக் கட்டிய வளையம் ஒன்றோடு முதல் பஸ்ஸில் முல்லைத்தீவுக்குப் போய்விடுவார். கடற்படை வழக்கப்படி விசில் ஊதி, பூவைக் கடலில் விட்டு, போனவர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சத்தமாகக் கூப்பிட்டு, கொஞ்ச நேரம் விறைப்பாக நின்றுவிட்டு வருவார். என்னை ஒரு நாளும் கூட்டிக்கொண்டு போனதில்லை. நானும் கேட்டதில்லை. வீட்டு வேலை கிடக்க, விளையாட்டா என்று ஒருமுறை முணுமுணுத்தேன். அதற்கு அவர் கோபிக்கவில்லை.

"நிலத்திலே செத்தவனுக்கு ஒரு கல்லாவது நட்டிருக்கும், இஞ்சாரும். கடலிலே போனவனுக்கு என்ன இருக்கு? வருஷத்திலே ஒருக்கால் பேரைக் கூப்பிட ஆள் வேணும்" என்றார்.

அந்த வருஷம் அவருக்கு நெருப்புக் காய்ச்சல். உடம்பு அனலாய்க் கொதித்தது. வந்து பார்த்து மருந்து தந்த அப்போதிக்கரி ஐயா, காய்ச்சல் இறங்கினால் பயமில்லை, இறங்காவிட்டால் பெரிய ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய தமக்கை, என்னுடைய மச்சாள், உதவிக்கு வந்து நின்றா. இந்த நிலைமையில் ஒரு நாள் விடியப்புறம் நான் குசினியில் கஞ்சி வைத்துக்கொண்டு நிற்க, வாசல் படலைப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மனுசன் தொப்பியும் கையுமாக நிலத்தில் கிடக்கிறார்! நாளை மறுநாள் அந்த நாள். அது இன்றைக்குத்தான் என்று காய்ச்சல் வாக்கில் எழும்பி வெளிக்கிட்டிருக்கிறார்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "இஞ்சாருங்கோ, நீங்கள் கட்டிலாலே இறங்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ. உங்களுக்குப் பதிலாய் நான் போறன்" என்றேன். சொல்லியான பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது.

அன்றும் மறுநாளும் எனக்குப் பேர்களைப் பாடமாக்கினார். இரண்டு மூன்று சிங்களப் பேர், ஒரு மலாய்ப் பேர், வாய்க்குள் நுழையாத ஒரு வெள்ளைக்காரப் பேர். அவர் சொல்ல நான் திருப்பிச் சொல்லி, பிழை விட்டு, அந்தக் காய்ச்சலிலும் அவர் சிரிக்க, ஒரு மாதிரிப் பாடமாகிவிட்டது. கடைசியாகச் சின்னவனின் பேர் வந்தது. நான் நிறுத்திவிட்டேன்.

சொல்லுவேனா? கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை. கூப்பிடுகிறதென்றால் 'இங்கே பாருங்கோ' என்கிற 'இஞ்சாருங்கோ' மட்டுந்தான். காணிக் கந்தோரில் துரை என் புருஷனுடைய பேரைக் கேட்டபோது, பக்கத்துக் காணி மனுசியைக் காட்டி "அவாவைக் கேளுங்கோ" என்றவள் நான். அந்தப் பேரை, இவர் இப்படிச் சாகக் கிடக்கிற நேரத்தில், செத்தவர்களோடு சேர்த்துக் கூப்பிடுவதா?

"அது என்ரை பேரில்லையப்பா, அவன்ரை பேர்" என்றார்.

மச்சாள் என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனா. "உனக்கென்ன விசரே? அந்த ஒரு பேரை விட்டிட்டு மற்றதுகளைச் சொல்லிப்போட்டு வா. ஆர் பாக்கப் போகினம்?" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தா. அவாவுக்கு இருக்கிறது ஒரே தம்பி. எனக்கும் அவா சொல்வதுதான் சரி என்று பட்டது. அவரிடம் மட்டும் "ஓம், ஓம், சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன்.

பஸ்ஸில் மடியில் பூ வளையத்தோடு இருந்த என்னைக் கண்டு பக்கத்தில் இருந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். தண்ணீரூற்றுச் சந்தி தாண்டும்போது கொண்டக்டர் மெல்லக் குனிந்து, "செத்த வீடு எங்கை அக்கா?" என்று கேட்டார். கடலிலே என்றேன். அவர் நிமிர்ந்து முன்பக்கம் போய்விட்டார்.

முல்லைத்தீவில் இறங்கிக் கரைக்குப் போனேன். வடிவான காலைநேரம். கொஞ்சம் தள்ளிக் கரைவலைக்காரர்கள் தோணியில் வலையை ஏற்றிக்கொண்டு நின்றார்கள். ஆட்கள் இல்லாத பக்கமாக ஒதுங்கி, முழங்கால் தண்ணிக்குள் இறங்கி, வளையத்தை எட்டியமட்டும் வீசினேன். ஒரு அலை வந்தது, வளையத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியிலேயே போட்டுவிட்டுப் போனது. எடுத்து இன்னும் பலமாக வீசினேன். திரும்பவும் வந்தது. பிறகும் பிறகும் வந்தது. கொன்றைப் பூவில் பாதி உதிர்ந்து மணலில் ஒட்டிக்கொண்டது.

கடலோரத்துச் சனத்துக்கு இது சிரிப்பாக இருக்கும். கரையில் நின்று வீசினால் அலை திருப்பித் தரும் என்று குழந்தைக்கும் தெரியுமாம். வயல்காட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு எங்கே தெரியும்? அவர் ஒவ்வொரு வருஷமும் அலை உடைகிற இடத்தைத் தாண்டி நீந்திப் போய் விட்டுவிட்டு வருகிறவர். அதை எனக்குச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. எனக்கோ வேறு மாதிரிப் பட்டது. ஒரு பேரை விட்டுவிட்டு வந்தவளிடம் கடல் வாங்கமாட்டேன் என்கிறது என்று நினைத்துவிட்டேன். ஈரச் சேலையோடு மணலில் குந்தியிருந்து பெலத்து அழுதேன்.

மீன் காயப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்தா. கழுத்தில் செபமாலை, தலையில் முக்காடு. முள்ளிவாய்க்கால் பக்கத்து ஆள் என்று பிறகு சொன்னா. "என்ன பிள்ளை, ஆரைப் பறிகுடுத்தனீ?" என்று என் பக்கத்தில் குந்திக்கொண்டா. அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவா எழும்பிப் போய் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியாரைக் கூட்டிக்கொண்டு வந்தா. அவர் என்னையும் உதிர்ந்துபோன வளையத்தையும் பார்த்தார். "கப்பல்காரர் வீட்டு ஆளோ? இந்த வருஷம் ஏன் ஆளைக் காணேல்லை எண்டு காலமை கதைச்சனாங்கள்" என்றார்.

எங்கள் ஊர்ச் சனம் பகிடி பண்ணுகிற மனுசனுக்காக இங்கே கரையில் ஆட்கள் வழி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்!

"பெண்டுகள் வலைத் தோணியிலே ஏறுறேல்லை, தங்கச்சி. பூவைத் தாருங்கோ, நாங்கள் அங்காலை கொண்டுபோய் விடுறம். பேரையும் சொல்லித் தாருங்கோ, நாங்களே கூப்பிடுறம்" என்றார்.

நான் ஒவ்வொரு பேராகச் சொன்னேன். கடைசிப் பேருக்கு முந்தி நிறுத்திவிட்டேன். "அவ்வளவுதானோ?" என்று கேட்டார். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்துவிடும். அந்தச் சொல்லும் வரவில்லை. பதினெட்டு வயதோ இருபது வயதோ, என் புருஷனுடைய இடத்தில் ஏறிப்போன ஒரு பிள்ளை. அவனுக்குக் கல்லும் இல்லை, இப்போது கூப்பிட ஆளும் இல்லை என்று ஆக்கப்போகிறேனே!

அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனா.

"நானும் என்ரை மனுசன்ரை பேரைச் சொன்னதில்லைப் பிள்ளை. கடல் தொழிலுக்குப் போனவர் திரும்பி வரேல்லை. அதுக்குப் பிறகு இந்தக் கரையிலே நிண்டு, தொண்டை கிழியக் கிழியப் பேர் சொல்லிக் கூப்பிட்டன். என்ன பிரயோசனம்? உயிரோடை இருக்கேக்கை ஒரே ஒருக்கால் கூப்பிட்டிருந்தால் திரும்பிப் பாத்திருப்பார். பேரைச் சொல்லுறதாலே ஆரும் சாகிறேல்லை" என்றா.

நான் சம்மாட்டியாரிடம் போய், "பூவை மட்டும் கொண்டுபோங்கோ அண்ணை. பேரை நான் இஞ்சை நிண்டு கூப்பிடுறன்" என்றேன்.

தோணி அலையைத் தாண்டிப் போய் நின்றது. துடுப்பை நிறுத்திவிட்டு எல்லாரும் தலைத்துண்டைக் கழற்றினார்கள். நான் அவர் கழற்றித் தந்துவிட்ட விசிலை எடுத்து ஊதினேன். ஊதத் தெரியாமல் ஊதி அது கீச்சென்றது, ஆனாலும் ஒருவரும் சிரிக்கவில்லை. சம்மாட்டியார் வளையத்தைத் தண்ணியில் வைத்தார். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்துக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு பேராகக் கத்திக் கூப்பிட்டேன். கடைசியாக அந்தப் பேரையும் கூப்பிட்டேன். என் வாயிலிருந்து அது வருவதை அன்றைக்குத்தான் முதன்முதல் என் காது கேட்டது. பக்கத்தில் அந்த அம்மா செபமாலையை உருட்டிக்கொண்டு நின்றா. வளையம் திரும்பி வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க எனக்கு உயிர் இல்லை. ஒட்டுசுட்டானில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தால், மச்சாள் படலையடியில் நிற்கிறா. "என்னடி முழிக்கிறாய்? வேர்த்துக் காய்ச்சல் இறங்கியிட்டுது. கஞ்சி கேட்டுக் குடிச்சவன்" என்றா. நான் அந்த இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டேன்.

"எல்லாரையும் கூப்பிட்டனீரோ?" என்று அவர் கேட்டார்.

ஓம் என்றேன்.

"அவனையும்?"

தலையை ஆட்டினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு, "எப்பிடிக் கூப்பிட்டனீர்? எனக்கும் ஒருக்காச் சொல்லிக் காட்டும் பாப்பம்" என்றார். போங்கோ என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் ஓடிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் மற்றப் பேர்களைக் கூப்பிடுவார், கடைசிப் பேர் என்னுடைய பங்கு. நான் கூப்பிடும்போது அவர் விறைப்பாகக் கடலைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார். ஆனால் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு ஓடும். அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். திரும்பி வரும்போது பஸ்ஸில், "இனி அடுத்த பங்குனிக்குத்தான் என்ன?" என்பார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். வீட்டுக்கு வந்தால் பழையபடி இஞ்சாருங்கோதான்.

போன மாரிக்கு முந்தின மாரியில் அவர் போய்விட்டார். நெஞ்சுவலி என்று படுத்தவர், எழும்பவில்லை. சாம்பலைச் சம்மாட்டியார்தான் தோணியில் கொண்டுபோய், அலைக்கு அங்காலே, அவர் பூ விடுகிற இடத்தில் கரைத்தார்.

இந்தப் பங்குனியிலும் போனேன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். விசில் இப்போது எனக்கு நன்றாக ஊதவரும். எல்லாப் பேரையும் கூப்பிட்டு, கடைசிப் பேரைச் சின்னவனுக்காக ஒருமுறை கூப்பிட்டேன். பிறகு அதே பேரை இன்னொருமுறை கூப்பிட்டேன். அந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டா.

இப்போதெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கும்போது, ஆளில்லாத வீட்டுக்குள் அந்தப் பேர் தானாக என் வாயில் வந்துவிடுகிறது. வெறும் தொங்குபடுக்கை பாலை மரத்தில் ஆடுகிறது. அவர் அதில் படுத்திருந்த ஒரு மத்தியானத்தில், இந்தக் குசினி வாசலில் நின்று நான் ஒரே ஒருக்கால் கூப்பிட்டிருக்கலாம். திரும்பிப் பார்த்திருப்பார்.