மூணு தபா கூப்பிடுகிற வேலை

போன வாரம் நம் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது. மெஷினை உள்ளே வைத்துவிட்டு அந்தப் பெரிய அட்டைப்பெட்டியை மடிக்கப் போனேன். மடிப்பதற்கு முன்னால் குனிந்து, "உள்ள யாரு?" என்று கேட்டேன். தானாக வாயில் வந்துவிட்டது. பவித்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். "அட்டைப்பெட்டிக்குள்ள யாருப்பா இருப்பாங்க?" தினேஷ் அதை வீடியோ எடுக்காமல் போய்விட்டோமே என்று வருத்தப்பட்டான்.

நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு முழுக்க அந்தத் தெர்மாகோல் வாடை மூக்கிலேயே இருந்தது. புதுச் சாமானின் வாடை வந்தால் எனக்குப் பழைய சாமானின் வாடை ஞாபகத்துக்கு வரும். சில்லறையை வெகுநேரம் கையில் மூடி வைத்திருந்து முகர்ந்து பாருங்கள், அந்த வாடைதான். பவித்ரா, தினேஷ், நீங்கள் பிறப்பதற்கு முன் நாலு வருஷம் என் கையெல்லாம் அப்படித்தான் நாறியது. காலையில் தின்கிற இட்லிகூடத் துருவாகத்தான் ருசித்தது. நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால் அந்த வாடையிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது நாங்கள் ஆரம்பாக்கத்தில் இருந்தோம். ரயிலேறி கும்மிடிப்பூண்டி வருவேன். பழைய இரும்பை உருக்குகிற கம்பெனி. பெயர் வேண்டாம், இப்போது அது அந்தப் பெயரில் இல்லை. ஒரு பக்கம் உலை, மறு பக்கம் மலை மாதிரி இரும்புக் குப்பை. உடைத்த கப்பலின் குழாய்கள், நசுக்கிய கார்கள், பள்ளிக்கூட பெஞ்சுக் கால்கள் என்று எல்லாம் கிடக்கும். ஒரு நாள் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று கிடந்தது, பெல்கூட அடித்தது. எடுத்துக்கொண்டு போகலாமா என்று நினைத்தேன். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. யாருக்கு எடுத்துப் போகிறேன் என்று கேட்டால் சொல்லப் பதில் இல்லை, விட்டுவிட்டேன்.

என் வேலை கூப்பிடுவது. எட்டாவதோடு நிறுத்தியவனுக்கு வாயை வைத்தே ஒரு வேலை கிடைத்ததை நினைத்து அப்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. கிரேனில் வட்டமாக ஒரு பெரிய காந்தம் தொங்கும். கரண்ட் விட்டால் குப்பையிலிருந்து ஒரு வண்டி பாரத்தை ஒட்டிக்கொண்டு போய் உலையில் போடும். குப்பைக்குள் ஆட்கள் இருப்பது உண்டு. கப்பல் குழாய் ஒரு ஆள் புகுகிற அகலம், உள்ளே நிழல். வெயில் காலத்தில் வேறெங்கும் நிழல் கிடையாது. அதனால் காந்தம் இறங்குவதற்கு முன் நான் குப்பையைப் பார்த்து, "உள்ள யாரு? காந்தம் வருது" என்று கத்த வேண்டும். மூன்று தடவை. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் பத்து மூச்சு நேரம் சும்மா நின்று கேட்க வேண்டும். யார் வைத்த வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. முன்பு ஏதோ நடந்ததாகச் சொல்வார்கள். என்ன நடந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

முனியம்மா அக்காதான் எனக்கு அதை ஒரு விதமாகச் சொன்னது. குப்பையில் ரப்பர், கட்டை, மூடிய டப்பா இதையெல்லாம் பொறுக்கி எடுக்கிற கான்ட்ராக்ட் வேலைக்கு வரும் அம்மா. ஐம்பது வயசு இருக்கும். என்னை நைனா என்றுதான் கூப்பிடும்.

"மொத தபா முழிச்சினு கீறவனுக்கு நைனா. ரெண்டாவது தூங்கறவனுக்கு."

"மூணாவது?"

"நீ கூப்டு. யாருக்குன்னு உனக்கின்னாத்துக்கு?"

அந்த மே மாதம் ஷிஃப்ட் இன்சார்ஜ் மூர்த்தி சார் கையில் கடிகாரத்தோடு வந்து என் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க நின்றார். மோசமான மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். என் சாப்பாட்டு டப்பாவில் வெறும் சோறும் ஊறுகாயும் இருந்தால் தன் குழம்பில் பாதியை ஊற்றிவிடுவார்.

"ஒரு லோடுக்கு ரெண்டு நிமிஷம் நீ கூப்புட்டே போகுதுப்பா. ஷிஃப்டுக்குக் கணக்குப் பார்த்தா ஒரு ஹீட் போகுது." ஹீட் என்றால் ஒரு உலை இரும்பை உருக்கி ஊற்றி முடிப்பது. "ஒரு ஹீட் கூட வந்தா எல்லாருக்கும் இன்சென்டிவ். பர்மனெண்ட் லிஸ்ட் வேற மேல போகுது, உன் பேரும் அதுல இருக்கு. கிரேன் வந்துக்கிட்டே இருக்கட்டும், நீ ஒரு தடவை கூப்புடு. போதும்."

மேலே கிரேன் கேபினிலிருந்து கஜா அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஒத்துக்கடா ஆரம்பாக்கம். ஒன் தொண்டைக்கும் ரெஸ்ட்டு." எங்கள் ஊர்ப்பெயரே அங்கே எனக்குப் பெயர்.

ஒத்துக்கொண்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று வாரம் தினமும் ஒரு ஹீட் கூடுதலாக வந்தது. கேன்டீனில் எனக்குத் தனியாக வடை வைத்தார்கள். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து கை கழுவும்போது கஜா அண்ணன் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஏன்டா, சார்தான் ஒண்ணு போதும்னாரே. நீ ஏன் இன்னும் மூணு தபா கூப்டுனு கீற?"

"ஒண்ணுதானே அண்ணே கூப்புடறேன்."

"எனக்கு மூணு கேக்குதே. உன் கொரல்தான்."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் கவனித்துக் கேட்டேன். ஒரு தடவை கூப்பிட்டேன். கிரேன் உலைப் பக்கத்திலிருந்து தண்டவாளத்தில் மெதுவாக வந்துகொண்டிருந்தது. சரியாகப் பத்து மூச்சு. குப்பைக்குள்ளிருந்து, "உள்ள யாரு? காந்தம் வருது." என் குரல். கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடு இருந்தது. மறுபடி பத்து மூச்சு விட்டு மூன்றாவது. பட்டப்பகல், உச்சி வெயில். சுற்றிப் பார்த்தேன், பக்கத்தில் யாரும் இல்லை.

தினேஷ், நீ எக்கோ என்று சொல்வாய். குழாய்கள் இருந்தால் எதிரொலிக்கும், நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் எதிரொலி உடனே வந்துவிடும். பத்து மூச்சு காத்திருக்காது. அதைவிடப் பயங்கரம், நாலைந்து நாளில் எனக்கு அது பழகிவிட்டது. நான் ஒன்று கூப்பிடுவேன், மிச்ச இரண்டையும் குப்பை பார்த்துக்கொள்ளும். வேலை சுலபம் என்றுகூடத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்று லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

அப்புறம் அந்த நாள். சாப்பாட்டு நேரம் முடிந்து முதல் லோடு. பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்றுகூட நின்றுபோயிருந்தது. ஒரு தடவை கூப்பிட்டேன். கிரேன் நகர்ந்தது. பத்து மூச்சு விட்டு இரண்டாவது வந்தது. காந்தம் குப்பைக்கு மேலே வந்து நின்று இறங்க ஆரம்பித்தது. பத்து மூச்சு ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. மூன்றாவது வரவில்லை.

இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கே வைத்துக் காட்டினேன். நிறுத்து என்பதற்கு அதுதான் சைகை. காந்தம் பாதியில் ஆடிக்கொண்டு நின்றது.

மூர்த்தி சார் உலைப் பக்கமிருந்து ஓடி வந்தார். "என்னப்பா ஆச்சு? உலை காத்துக்கிட்டு இருக்கு, மேல ஏடு கட்டுது."

"மூணாவது வரல சார்."

"எது வரல?"

மேலேயிருந்து கஜா அண்ணன், "மூணாவது தபா இன்னும் கூப்டல சார், அதச் சொல்றான்."

"ஒண்ணு போதும்னுதானே சொன்னேன்?"

நான் குப்பை மேல் ஏறினேன். இரும்பு காலைச் சுட்டது. காந்தத்துக்கு நேர் கீழே கிடந்த கப்பல் குழாய்க்குள் குனிந்து பார்த்தேன். முதலில் ஒரு பாதம் தெரிந்தது, வெடிப்பு விழுந்த பாதம். முனியம்மா அக்கா. உடம்பு அனலாகக் கொதித்தது. காய்ச்சலோடு வேலைக்கு வந்து, நிழலுக்கு உள்ளே போய்ப் படுத்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறது. நானும் சாருமாக இழுத்து வெளியே போட்டோம். சார்தான் தண்ணீர் கொடுத்தார். கம்பெனி ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் அவர்தான்.

ஜீப்பில் ஏற்றும்போது அது என் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

"கேட்டுச்சு நைனா. ரெண்டாவது தபா கூப்டப்போ முழிச்சிக்கினேன். காலு வரல." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டது, "உன் கூட யாரு நின்னு கூப்டது?"

அந்த ஹீட் கெட்டுப்போனது. உலையில் பாதி இரும்பு உறைந்துவிட்டது. அதற்குக் காரணம் எழுத வேண்டும். சாயந்திரம் சார் என்னை உட்காரவைத்து நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஒன்றரை மணிக்கு மின்தடை என்று எழுதியிருந்தது. சாட்சிக்கு என் கையெழுத்து வேண்டும்.

"நடந்ததை எழுதினா நாளைக்கே ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவாரு. மூடிட்டுப் போவாங்க. அத்தனை கான்ட்ராக்ட் ஆளுங்களும் ஊட்டுக்குப் போவணும். அதுல அந்த அம்மாவும்தான். உசுரு போகலப்பா. யாருக்காக எழுதறது?"

நான் பேனாவை எடுக்கவில்லை.

"இனிமே நீ மூணு தடவையே கூப்புடு. ஹீட் போனா போகட்டும், மேல நான் பேசிக்கறேன். நீ இதுல போடு."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பயமா வருத்தமா தெரியவில்லை. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இனி யாரும் காந்தத்தின் கீழே மாட்ட மாட்டார்கள், யாருக்கும் கூலி போகாது, என் பெயரும் லிஸ்டில் இருக்கும். ஒரு கையெழுத்தில் இத்தனையும் கிடைக்கிறது. போட்டேன். இன்றைக்கும் அது பாதி நியாயமாகத்தான் படுகிறது, மறைக்கவில்லை. மிச்சப் பாதிக்காகத்தான் எழுதுகிறேன்.

ஐந்தாவது நாள் முனியம்மா அக்கா கம்பெனி வாசல் கேட்டுக்கு வந்தது. முடியாதவர்கள் வேண்டாம் என்று கான்ட்ராக்டர் உள்ளே விடவில்லை. வேலை செய்யும் இடத்தில்தான் விழுந்தேன் என்று அது சொன்னால், வீட்டிலேயே காய்ச்சலில் படுத்திருந்தாய் என்று சாதித்தார். அது என்னைப் பார்த்துவிட்டது.

"நீ சொல்லு நைனா. நான் கொழாயிலதானே கெடந்தேன்?"

கான்ட்ராக்டர் என் பக்கம் திரும்பினார். வாட்ச்மேனும் பார்த்தார்.

"அன்னிக்குக் கரண்ட் இல்லக்கா. லோடே எடுக்கல" என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. மெதுவாக, "கரண்ட் இல்லாமயா காந்தம் வந்துச்சு?" என்றது. புடவைத் தலைப்பை உதறிப் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்து போய்விட்டது.

மறுநாளிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன். சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் பத்து மூச்சுக்கு மேலேயே நின்று காது கொடுத்துக் கேட்டேன். குப்பையிலிருந்து ஒன்றும் வரவில்லை. அத்தனை குழாய்கள் கிடந்தும் சாதாரண எதிரொலிகூட இல்லை. என் குரல் பஞ்சு மூட்டைக்குள் போட்டது போலப் போய் நின்றுவிட்டது. கஜா அண்ணனைக் கேட்டேன். "இன்னா கேக்கணும்? நீ கத்தறதே சரியா கேக்கல" என்றார். பயந்துகொண்டிருந்த அந்தக் குரலுக்காக நான் ஏங்கினேன் என்றால் நம்புவீர்களா? ஆறு மாதத்தில் பர்மனெண்ட் ஆர்டர் வந்தது. மணவாள நகரில் நாம் இருக்கும் இந்த வீடு அதில் வந்ததுதான்.

பிறகு கூப்பிடுகிற ஆளை எடுத்துவிட்டு ஹூட்டர் வைத்தார்கள், என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். கம்பெனி கைமாறியது. குப்பை மலை இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர்கள் நிற்கின்றன. கஜா அண்ணன் இல்லை. மூர்த்தி சார் மகனோடு வெளிநாட்டில் இருப்பதாகக் கேள்வி. அந்த நோட்டையும் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டிருப்பார்கள். முனியம்மா அக்காவைத் தேடி எளாவூர், ஆரம்பாக்கம் பக்கமெல்லாம் இரண்டு தடவை விசாரித்தேன். எந்த முனியம்மா என்று கேட்டார்கள். குழாய்க்குள் கிடந்த முனியம்மா என்று எப்படிச் சொல்வது, அப்படி ஒருத்தி இல்லை என்று கையெழுத்துப் போட்டவன் நான்தானே?

அதனால் உங்களிடம் சொல்லி வைக்கிறேன். அன்றைக்குக் கரண்ட் போகவில்லை. நான் குழாய்க்குள் குனிந்தபோது காந்தம் என் தலைக்கு மேலேதான் இருந்தது, அது உறுமுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.