கடைசிப் பக்கத்துக் கையெழுத்துகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஏரியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். கவிஞன் என்ற நினைப்பும் கொஞ்சம் உண்டு. பல வருடமாக ஊராட்சிக்குத் தேர்தலே நடக்கவில்லை. தெருக்குழாய் உடைந்தால்கூட எங்கிருந்தோ ஓர் அதிகாரி வந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்த எரிச்சலில் ஒரு கவிதை எழுதினேன். ‘எங்கள் ஏரி மடையைத் திறக்க எங்கள் கை போதாதா?’ என்று தொடங்கும். ஊரை ஊரே ஆள வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

அதை ஊரில் நாங்கள் கையாலேயே எழுதி நடத்திவந்த கையெழுத்துப் பத்திரிகையில் சேர்த்தேன். அதற்கு ஒரே ஒரு பிரதி. வீடு வீடாகப் போகும். படித்தவர் கடைசிப் பக்கத்தில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த வீட்டில் கொடுப்பார். அந்தப் பக்கத்துக்கு வழக்கமாக ‘வாசித்தவர்கள்’ என்று தலைப்பு வைப்போம். இந்த முறை பெரிய மேதாவி மாதிரி ‘நம் ஊரை நாமே ஆள்வோம்’ என்று மாற்றித் தொலைத்தேன்.

அந்த மாதம்தான் போலீஸ் ஊர் ஊராகத் தீவிரவாதிகளைத் தேட ஆரம்பித்தது. பக்கத்து ஊரில் ஏதோ துண்டறிக்கை வைத்திருந்தார் என்று ஒருவரை ஏற்றிப்போனார்கள். அவர் இன்னும் வீடு திரும்பவில்லை. ஒரு மத்தியானம் டீக்கடைக்காரர் பள்ளிக்கே ஓடிவந்தார்.

“சார், ஜீப்பு வந்து நிக்குதுங்க. யாரு வூட்ல என்ன புஸ்தகம் இருக்குதுன்னு கேக்கறாங்க.”

எங்கள் பத்திரிகைதான் நினைவுக்கு வந்தது. அந்தத் தலைப்புக்குக் கீழே பதினேழு பெயர்கள். பார்க்கிற போலீஸ்காரனுக்கு அது இயக்கத்தில் சேர்ந்தவர்களின் பட்டியல்தானே! முதல் பெயர் என்னுடையது. அதை நினைத்துத்தான் முதலில் பயந்தேன், மற்றவர்கள் பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தார்கள். இதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது.

பத்திரிகை அப்போது மாதா கோவிலுக்கு எதிரே தையல் கடை வைத்திருந்த அக்காவின் வீட்டில் இருந்தது. வேட்டி தடுக்கத் தடுக்க ஓடினேன்.

“குடுங்கக்கா, சீக்கிரம்!”

வெட்டிய துணிகளுக்கு அடியிலிருந்து எடுத்தார். “இப்பத்தானுங்க சார் நானும் பேரு எழுதுனேன். ஜீப்பு போறதப் பாத்துட்டுத்தான் எழுதுனேன்.”

“அய்யோ, பைத்தியமாக்கா உங்களுக்கு?” என்று கத்திக்கொண்டே கடைசிப் பக்கத்தைக் கிழித்தேன்.

“இருங்க சார். பதினெட்டுப் பேரு போட்ட கையெழுத்துங்க அது. யாரைக் கேட்டுட்டுக் கிழிக்கறீங்க?”

தாளை அடுப்பில் போட்டேன். கவிதையையும் போட்டேன். ஒரு துண்டு வெளியே விழுந்தது, அதையும் பொறுக்கி உள்ளே திணித்தேன். அவர் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார். ஜீப் அந்தத் தெருவுக்கே வராமல் பென்னாகரம் போய்விட்டது.

போலீஸ் பயம் ஒரு வருடத்தில் தெளிந்தது. ஊராட்சி பற்றிப் பிறகும் எழுதினேன், சிலர் பாராட்டவும் செய்தார்கள். ஆனால் எதையும் அந்த அக்காவிடம் படிக்கக் கொடுக்கத் தைரியம் வரவில்லை. இன்றும் ‘நாங்கள்’ என்று எழுத உட்கார்ந்தால், யாரைக் கேட்டு என்று அவர் வந்து நிற்பாரோ என பயமாக இருக்கிறது. ‘நான்’ என்று எழுதிவிட்டு எழுந்துவிடுகிறேன்.