பதினேழாவது கம்பு

கண்ணை மூடிக்கொண்டு, ஈரமான இரண்டு விரல்களைக் கம்பின் மேல் கொக்கிபோல் வளைத்துப் போட்டு, கையின் முழுப் பாரத்தையும் தொங்க விடுகிறான் நம்பிராஜன். விரல் வழுக்கவில்லை. அப்படியும் அவனுக்குத் திருப்தி இல்லை. பக்கத்துச் செம்பில் விரலை மறுபடி நனைக்கிறான். "சாரல்ல நனைஞ்ச கிளியும் கிளிதானக்கா" என்கிறான் என்னிடம்.

நம்பிராஜன் என் தம்பி. வயது முப்பத்தொன்பது, எனக்கு நாலு வயது இளையவன். தென்காசியில் ரத வீதிக்குப் பின்னால் எங்கள் கடைசல் பட்டறை இருக்கிறது. அவன் உளி பிடிப்பான். நான் எதிரே உட்கார்ந்து வாரை மாறி மாறி இழுத்து மரத்தைச் சுழற்றுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதைத் தவிர வேறு வேலை தெரியாது. ஆனால் இது நன்றாகத் தெரியும். தொட்டில் கால், நடைவண்டி, சொப்புச் சாமான் எதுவானாலும், என் தம்பி கடைந்தால் அதில் ஈ உட்கார்ந்தாலும் சறுக்கும் என்பார்கள். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவான். அது இளகிப் பரவியதும் தாழை ஓலையால் ஒரு தேய்ப்பு. முகம் பார்க்கலாம்.

அந்தக் கைதான் இப்போது கிளிக்கூண்டுக் கம்புகளைச் சொரசொரப்பாக்குகிறது. அரக்கு கிடையாது. ஒரே பருமனும் கிடையாது; ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால்தான் பறவைக்குக் கால் மரத்துப்போகாதாம். அரத்தின் முனையால் திருகுபோல் வரி போடுகிறான். அதன் மேல் சணல் நூலை நெருக்கிச் சுற்றி, முடிச்சை அடிப்பக்கம் செருகுகிறான். பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் நகம் மாட்டிக்கொள்ளும் என்று, சுடரில் காட்டிப் பொசுக்குகிறான்.

இதற்குக் காரணம் 1957ஆம் வருஷத்துக் குற்றாலச் சீசன். அந்த ஆடியில் பஜாரில் கிளிக்கூண்டுகள் நன்றாக ஓடின. கூண்டுக்குள் கம்பி வளையத்தில் ஊஞ்சல் மாதிரி தொங்கும் கம்புகள் பதினேழு கடைந்தோம். எல்லாம் சிவப்பு அரக்கு. இரண்டே நாளில் விற்றுப்போயின. பத்தாம் நாள் கீழப்பாவூரிலிருந்து ஆவுடையப்பன் வந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு துணிப்பொட்டலத்தைப் பலகைமேல் வைத்து அவிழ்த்தார். உள்ளே கழுத்து மடங்கிய கிளி. உறங்கும்போது கம்பிலிருந்து வழுக்கித் தலைகுப்புற விழுந்ததாம்.

"ஏலே, நீ கம்பு கடைஞ்சியா, கண்ணாடி கடைஞ்சியா?" என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அதுதான் தம்பியைத் தைத்துவிட்டது.

அன்றே சைக்கிளை எடுத்தான். மேலகரம், இலஞ்சி, செங்கோட்டை, புளியறை, வடக்கே சிவகிரி வரைக்கும், வாங்கியவர்களை விசாரித்து விசாரித்துப் போனான். அந்தந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து அரக்கைச் சுரண்டி, வரி போட்டு, நூல் சுற்றிக் கொடுத்தான். கிளிக்கு வைத்தியர் வந்திருக்கிறார், மோர் கொடுங்கள் என்று சிவகிரியில் ஒருத்தி கேலி செய்தாளாம். மோரை வாங்கிக் குடித்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறான். ஆவுடையப்பன் வீட்டுக் கம்பையும் சேர்த்துப் பதினாறு சரியாயின.

பதினேழாவது கிடைக்கவில்லை. கொட்டும் சாரலில் குடையும் கூண்டுமாக வந்த ஒரு பெண்ணுக்கு விற்றது அது. ஊர் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு சீசனிலும், பஜாரில் குடை பிடித்து வரும் பெண்களின் முகத்தை அவன் குனிந்து குனிந்து பார்ப்பதைச் சிலர் தப்பாக எடுத்துக்கொண்டார்கள். அவன் தேடியது ஒரு கிளியை. அது விழுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அவனுக்கு வேறு நினைப்பில்லை.

அந்த வருஷ ஆவணியில், சிவகிரியிலிருந்து அவன் திரும்பிய வாரம், இன்னொன்றும் தொடங்கியது. விளக்கு பொருத்தும் நேரத்தில் உளியை மரத்திலிருந்து எடுத்துவிட்டுத் தலையைச் சாய்ப்பான். "சறுக்குதுக்கா" என்பான். நான் வாரை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். எனக்கு ஒன்றும் கேட்காது. என்ன சறுக்குகிறது என்று ஒரு தரம் கேட்டேன். "நகம்" என்றான். ஏழு வருஷம் இப்படி. அவன் என்னைத் தவிர ஒருவரிடமும் இதைச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை, என் தம்பியைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு கிளம்பக்கூடாது.

போன ஆடியில் ஒரு மத்தியானம், பட்டறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பாளையங்கோட்டையில் டீச்சராம், பெயர் ஜெபமலர். கையில் துணி போர்த்திய கூண்டு. தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கூண்டைப் பார்த்தவன் எழுந்து நின்றுவிட்டான்.

துணியை விலக்கினாள். கூண்டு காலி. வாங்கிப்போன அந்த வருஷ ஆவணியிலேயே கிளி விழுந்து செத்துவிட்டதாம். கூண்டைப் பரணில் போட்டுவிட்டாளாம். கம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஏழு வருஷமாகியும் அரக்கு நேற்றுத் தேய்த்ததுபோல் மின்னியது. பெருமைப்பட வேண்டிய வேலைதான். நான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். இத்தனை நாள் கழித்து எதற்குக் கொண்டுவந்தீர்கள் என்று நான்தான் கேட்டேன்.

அவள் தம்பியைப் பார்த்துச் சொன்னாள்: "தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி. கிளி போயி ஏழு வருசமாச்சு. வெளக்கு பொருத்துத நேரமானா பரண்ல இன்னும் நகம் சறுக்குத சத்தம் கேக்கு. ஏறி ஏறி விழுது."

"தெரியும்மா" என்றான் தம்பி. கூண்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அந்த ஒரு கம்புக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டான். அரக்கைத் துளி விடாமல் சுரண்டினான். வரி போட்டு, நூல் சுற்றி, நனைந்த விரலைத் தொங்கவிட்டு எத்தனை தரம் பார்த்தான் என்று எண்ணி முடியாது. பிறகு கூண்டைப் பட்டறை உத்தரத்தில் மாட்டி, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, கதவைத் திறந்தே வைத்தான்.

இப்போது அவனுக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லையாம். தன் வீட்டிலும் நின்றுவிட்டது என்று ஜெபமலர் ஒரு கார்டு போட்டிருந்தாள். நான் கண்ணால் பார்ப்பதை மட்டும் சொல்கிறேன். பட்டறைக்கு ஒரே வாசல், ஜன்னல் இல்லை. விளக்கு பொருத்தும்போது கதவைச் சாத்தியிருப்போம். சற்று நேரத்தில் உத்தரத்துக் கூண்டில் அந்தக் கம்பு ஒரு பக்கமாக லேசாகத் தாழும். இரண்டு தரம் ஆடும். பிறகு அசையாமல் நிற்கும். கடைசல் பாதியில் இருந்தாலும் நம்பிராஜன் அப்போது உளியை எடுத்துவிடுகிறான். வாரை இழுக்காதே என்று எனக்கு ஒரு விரலை உயர்த்துகிறான்.